வெயில் காலத்துக்கு பைக் க்ளவுஸ் வாங்குறீங்களா, முதல்ல அதை திருப்பிப் பாருங்க

வெயில் ஆரம்பிச்சா போதும், தெரிஞ்சவங்க யாராவது ரெண்டு மூணு க்ளவுஸ் போட்டோ அனுப்பி இதுல எது நல்லா காத்து போகும்னு கேட்டுடுவாங்க. எல்லா போட்டோவும் புறங்கை பக்கம்தான் இருக்கும். வலை எவ்வளவு பெருசு, விரல் முட்டி மேல எத்தனை ஓட்டை, கலர் வண்டிக்கு மேட்ச் ஆகுதா, அவ்ளோதான். உள்ளங்கை பக்கம் ஒரு போட்டோ அனுப்புங்கன்னு சொன்னா, அதுல பாக்க என்ன இருக்குன்னு திருப்பி கேப்பாங்க. அட, பாதிக்கு மேல விஷயம் அங்கதாங்க இருக்கு.

என்னைக் கேட்டா வெயில் க்ளவுஸை உள்ளங்கைல பாக்க ஆரம்பிச்சு, மணிக்கட்டு வழியா வந்து, கடைசியாத்தான் ஓட்டைக்கு வரணும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

வண்டி சரிஞ்சா கை தானா நீளும், யாரும் யோசிச்சு நீட்டுறதில்ல. அப்போ ரோட்டுல முதல்ல படுறது உள்ளங்கையோட அடிப்பகுதி, அதாவது மணிக்கட்டுக்கு பக்கத்துல கட்டைவிரல் பக்கம் ஒரு மேடும் சுண்டுவிரல் பக்கம் ஒரு மேடும் இருக்கே, அந்த ரெண்டு இடம். அங்க வெறும் துணியோ வெறும் தோலோ இருந்தா தார் ரோட்டுல சட்டுனு பிடிச்சு நின்னுடும், கை நின்னுடும் ஆனா உடம்பு நிக்காது, அது பாட்டுக்கு முன்னாடி போயிட்டு இருக்கும், அந்த மொத்த வேகமும் மணிக்கட்டுல வந்து இறங்கும். மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கம் ஸ்கேஃபாய்டுன்னு ஒரு குட்டி எலும்பு இருக்கு, பாக்க முந்திரிப்பருப்பு மாதிரி வளைஞ்சு இருக்கும். கையை ஊனி விழுறவங்களுக்கு அடிக்கடி உடையுற எலும்பு இது. இதுல கொடுமை என்னன்னா இதுக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை வழியாத்தான் உள்ள வருது, நடுவுல உடைஞ்சா மணிக்கட்டு உள்பக்கம் இருக்குற துண்டுக்கு ரத்தம் சரியா போகாது. அதனால சேர ரொம்ப நாள் ஆகும், சில பேருக்கு சேராமலே போயிடும். முதல் எக்ஸ்ரேல தெரியாம தப்பிக்கிறதும் உண்டு, சுளுக்குன்னு நினைச்சு தைலம் தேச்சுக்கிட்டு இருப்பாங்க.

இதுக்குத்தான் பாம் ஸ்லைடர்னு ஒண்ணு வச்சு தைக்கிறாங்க, உள்ளங்கை அடியில கெட்டி பிளாஸ்டிக்ல ஒரு துண்டு. அது ரோட்டுல பிடிக்காது, வழுக்கிட்டு போகும், கை நிக்காம உடம்போட சேர்ந்தே போகும். வலிக்காம இருக்குறதுக்கு வைக்கிற குஷன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. மெத்துன்னு நுரை மட்டும் வச்சு தச்சிருந்தா அது ஸ்லைடர் இல்ல. நகத்தால தட்டிப் பாருங்க, டொக்கு டொக்குன்னு சத்தம் வரணும். இந்தத் துண்டால காத்துக்கு ஒரு நஷ்டமும் இல்ல, ஏன்னா அந்த இடம் எப்படியும் ஹேண்டில்பார் பக்கம் அழுந்தித்தான் இருக்கும், அங்க ஓட்டை போட்டாலும் காத்து வரப் போறதில்ல. வெயில் க்ளவுஸ்ங்கிறதுக்காக இதை விட்டுடணும்னு எந்த அவசியமும் கிடையாது, ஆனா மெல்லிசா இருக்கணும்னு சொல்லி முதல்ல கழட்டி விடுறது இதைத்தான்.

அடுத்து உள்ளங்கை எதால பண்ணது. ஆட்டுத் தோல்னா எனக்கு கண்ணை மூடிட்டு ஓகே, மெல்லிசா இருக்கும், சீக்கிரம் கைக்கு பழகிடும், அந்த மெல்லிசுக்கு நல்லாவே உராய்வு தாங்கும், ஆக்ஸிலரேட்டர்ல கை வைக்கும்போது வண்டி என்ன சொல்லுதுன்னு தெரியும். மாட்டுத் தோல் தடிமன், உழைக்கும், ஆனா வெயிலுக்கு கனம். கங்காரு தோல் ரெண்டையும் விட மெல்லிசுலயே பலமா இருக்கும், விலையும் அதுக்கு தகுந்த மாதிரி இருக்கும். செயற்கை ஸ்வேட், அதாவது மொசுமொசுன்னு தோல் மாதிரியே இருக்குற துணி, அதுல உள்ளங்கை தச்சது சுகமா இருக்கும், வியர்வைலயும் சீக்கிரம் காயும், ஆனா ஒரே ஒரு அடுக்கா இருந்தா நான் எடுக்க மாட்டேன், சுண்டுவிரல் பக்கத்து ஓரத்துலயாவது ரெண்டாவது அடுக்கு இருக்கணும், கை உருளும்போது முதல்ல தேயுறது அந்த ஓரம். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்து ஒரு சின்னத் தோல் துண்டு போட்டு தச்ச மாடலும் வருது, சுண்டுவிரல் தனியா மடங்கி உடையாம இருக்குறதுக்கு. போட்ட புதுசுல விரல் மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும், அப்புறம் மறந்தே போயிடும்.

சரி, மணிக்கட்டு. எவ்வளவு நல்ல க்ளவுஸா இருந்தாலும் ரோட்டுல உருளும்போது கழண்டு போச்சுன்னா அது இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். வெயில் க்ளவுஸ் பலதுல மணிக்கட்டுல பேருக்கு ஒரு எலாஸ்டிக், அதுக்கு மேல ஒரு குட்டி வெல்க்ரோ, முடிஞ்சது. கடைல போட்டுப் பாக்கும்போது ஸ்ட்ராப்பை நல்லா இறுக்கி ஒட்டிட்டு, இன்னொரு கையால நாலு விரல் நுனியையும் சேர்த்துப் பிடிச்சு இழுங்க, கடைக்காரர் முறைக்கிற அளவுக்கு இழுங்க. கட்டைவிரல் அடி மேட்டைத் தாண்டி வந்துச்சுன்னா திருப்பி குடுத்துட்டு அடுத்ததை எடுங்க. ஸ்ட்ராப் மணிக்கட்டோட ஒடுங்கின இடத்துல உக்காரணும், அதுக்கு கீழ உள்ளங்கை மேலயே உக்காந்தா எவ்வளவு இறுக்கினாலும் வந்துடும்.

பைக் க்ளவுஸுக்குன்னு ஐரோப்பால இருக்குற ஈ.என் 13594ங்கிற தர விதிலயும் இந்த இழுக்குற சோதனை இருக்கு, அவங்க மெஷின் வச்சு அளந்து இழுப்பாங்க, நம்ம கை வச்சு இழுக்குறோம். 2015ல வந்த வடிவத்துல லெவல் 1, லெவல் 2ன்னு ரெண்டு பிரிச்சாங்க. உள்ளங்கைத் துணியை ஓடுற உராய்வுப் பட்டைல வச்சு ஓட்டை விழ எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாப்பாங்க, லெவல் 1க்கு 4 செகண்ட் தாங்கணும், லெவல் 2க்கு 8 செகண்ட். மணிக்கட்டைத் தாண்டி க்ளவுஸ் எவ்வளவு நீளணும்ங்கிறதுக்கும் அளவு இருக்கு, முதல் லெவலுக்கு 15 மில்லிமீட்டர் போதும், ரெண்டாவதுக்கு 50. கே.பின்னு போட்டிருந்தா விரல் முட்டிக்கு மேல இருக்குற கவசத்தையும் தட்டி சோதிச்சிருக்காங்கன்னு அர்த்தம், லெவல் 1ல அது இருந்தாலும் இல்லாட்டியும் பாஸ், லெவல் 2ல கட்டாயம். வெயிலுக்குன்னு தச்சது பெரும்பாலும் லெவல் 1தான் வரும், அதுல தப்பு இல்ல. உள்ள தச்ச லேபிள்ல பைக் ஓட்டுற ஆள் படமும் இந்த நம்பரும் பக்கத்துல 1ஆ 2ஆன்னும் இருக்கணும். ஐரோப்பா விதிக்கு ஒத்துப்போகுதுன்னு போடுற சி.ஈங்கிற ரெண்டு எழுத்து மட்டும் தனியா இருந்து நம்பரே இல்லன்னா எதுக்கு அந்த முத்திரைன்னே தெரியாது, அதை நம்பி எடுக்காதீங்க.

இப்போ ஓட்டைக்கு வருவோம், எல்லாரும் கேக்குறது இதுதானே.

நம்ம தோலோட சூடு சுமாரா 33, 35 டிகிரி பக்கம் இருக்கும். வெளிய காத்து அதை விட குளிர்ச்சியா இருக்குற வரைக்கும் எவ்வளவு காத்து உள்ள வந்தாலும் லாபம். 40ஐ தாண்டுச்சுன்னா கணக்கு மாறிடும், வர்ற காத்தே சூட்டைத்தான் கொண்டு வருது, அப்போ கையை குளிர வைக்கிறது வியர்வை ஆவியாகுறது மட்டும்தான். முழு வலை க்ளவுஸ் போட்டுட்டு வறண்ட அனல்ல வேகமா போனா வியர்வை ஊறுறதுக்கு முன்னாடியே காஞ்சுடும், கை எரியும். அந்த மாதிரி வெயிலுக்கு பொடி ஓட்டை போட்ட தோல்தான் எனக்கு சரியா படுது, காத்து அளவா வரும், வியர்வை நின்னு ஆவியாகும். புழுக்கமான இடத்துல இது தலைகீழ், அங்க வியர்வை காயவே காயாது, எவ்வளவு காத்து கிடைச்சாலும் பத்தாது, வலைதான் ஜெயிக்கும். சிக்னல்ல நிக்கும்போது எந்த க்ளவுஸும் குளிராது, அதை மட்டும் எதிர்பாக்காதீங்க, கம்பெனிக்காரங்க என்ன பேரு வச்சு வித்தாலும் சரி.

இன்னொண்ணு, ஓட்டை கண்ணுக்கு தெரியுதுன்னா காத்து போகுதுன்னு அர்த்தம் இல்ல. விரல் முட்டி மேல கெட்டி பிளாஸ்டிக் கவசத்துல ஸ்டைலா ரெண்டு வாய் திறந்து வச்சிருப்பாங்க, பின்னாடி பாத்தா நுரை, அதுக்குப் பின்னாடி லைனிங் துணி, வழி மொத்தமா அடைச்சிருக்கும். சிம்பிளா கண்டுபிடிக்கலாம், ஒரு கையை க்ளவுஸ்ல விட்டுட்டு அந்த ஓட்டைல வாயை வச்சு ஊதுங்க. உள்ள விரல்ல காத்து படுதான்னு உடனே தெரிஞ்சுடும். விரல்களுக்கு நடுவுல பக்கவாட்டுல வலை வச்சதையும் ஊதிப் பாருங்க, அது பாக்க ஒண்ணும் பெருசா இருக்காது ஆனா அதுலதான் நிறைய காத்து வரும், விழுந்தா அந்த இடம் தேயுறதும் கம்மி. அதனால வலைன்னு வேணும்னா அங்க இருக்கட்டும், புறங்கை முழுக்க வேண்டாம்ங்கிறது என் கட்சி.

உங்க வண்டியையும் பாக்கணும். ஹேண்டில்பார்ல கைக்கு முன்னாடி மறைப்பா வர்ற ஹேண்ட்கார்ட் போட்ட வண்டின்னா காத்தை அதுவே தடுத்துடும், வண்டி முன்பக்கத்தை மூடுற பெரிய ஃபேரிங் இருந்தாலும் அப்படித்தான், அதுல வலை க்ளவுஸ் போட்டு பெரிய வித்தியாசம் தெரியாது. முன்னாடி ஒண்ணுமே இல்லாத வண்டில பொடி ஓட்டைத் தோலே தாராளம். ஜாக்கெட் கைக்குள்ள காத்து போகணும்னா க்ளவுஸோட கஃப், அதாவது மணிக்கட்டைத் தாண்டி நீளுற பகுதி, குட்டையா இருக்குறது நல்லது, உள்ள வந்த காத்து வெளிய போக வழி வேணும்ல.

அரை விரல் க்ளவுஸ் பத்தியும் கேப்பாங்க. விரல் நுனி தேஞ்சா எவ்வளவு வலின்னு ஒரு தடவை சைக்கிள்ல விழுந்தவங்களுக்கு கூட தெரியும், அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. வெயில்ல பாதி விரல் கறுத்து பாதி விரல் வெளுத்து இருக்குறது தனி அழகு. பொடி ஓட்டை க்ளவுஸ்லயும் சில பேருக்கு கைல புள்ளி புள்ளியா கறுக்கும், கல்யாண வீட்டுக்கு போறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்க.

சைஸ்ல நிறைய பேர் கோட்டை விடுறது, காலைல குளிர்ச்சியா இருக்கும்போது போட்டு பாத்துட்டு வாங்கிடுறது. சூட்டுல கை கொஞ்சம் உப்பும், அதனால சாயந்திரம், கொஞ்ச நேரம் வண்டி ஓட்டிட்டு போய் பாக்குறது நல்லது. கட்டைவிரலை விட்டுட்டு விரல் முட்டியை சுத்தி டேப் வச்சு அளக்கணும், எந்தக் கையால எழுதுறீங்களோ அந்தக் கையை அளங்க, அது பொதுவா துளி பெருசா இருக்கும். கையை விரிச்சு வச்சு அழகு பாக்காதீங்க, ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி மடக்குங்க. உள்ளங்கைல துணி சுருண்டு மடிப்பு விழுந்தா அந்த மடிப்புதான் அப்புறம் கொப்புளம் ஆகும். மடக்கும்போது விரல் நுனி தையல் நகத்துல குத்தக்கூடாது, கட்டைவிரல் நுனில மட்டும் காலி இடம் தொங்கிச்சுன்னா இண்டிகேட்டர் சுவிட்சைத் தேடிட்டே இருப்பீங்க. தோல்னா கொஞ்சம் இறுக்கமா எடுக்கலாம், நாளாக ஆக இளகி கொடுக்கும். செயற்கைத் துணி அப்படி இளகாது, இன்னைக்கு இறுக்கினா என்னைக்கும் இறுக்கும்.

லைனிங் பத்தி யாரும் எழுதுறதில்ல, எனக்கு அதுதான் பெரிய தலைவலி. வியர்த்த கையை வெளிய இழுக்கும்போது விரலோட சேர்ந்து லைனிங் துணியும் உரிஞ்சு வந்துடும், திருப்பி உள்ள தள்ள முடியாது, விரல் வழி பாதில முறுக்கிக்கிட்டு நிக்கும், பெட்ரோல் பங்க்ல பின்னாடி நிக்கிறவர் ஹாரன் அடிச்சுட்டு இருப்பார். வாங்கும்போதே லைனிங் விரல் நுனில சேர்த்து தச்சிருக்கான்னு உள்ள கை விட்டு லேசா இழுத்துப் பாருங்க. உள்ளங்கைல லைனிங்கே இல்லாத க்ளவுஸ் கிடைச்சா வெயிலுக்கு அதுதான் பெஸ்ட், பிடியும் நல்லா இருக்கும்.

மழைக்கும் ஆகும்னு உள்ள தண்ணி வராம தடுக்குற மெல்லிசு ஷீட், அதாவது வாட்டர்ப்ரூஃப் மெம்ப்ரேன் வச்ச க்ளவுஸை வெயிலுக்கு வாங்காதீங்க, ரெண்டுக்கும் உருப்படாது, மழைக்கு மேல போட்டுக்குற உறை ஒண்ணை பைல வச்சுக்கிட்டா போதும். ஜெல் பேட் தடிமனா இருந்தா பிடியோட சுத்தளவு கூடுன மாதிரி ஆகி, அதை இறுக்கிப் பிடிச்சு பிடிச்சு முழங்கைக்கு கீழ வலிக்கும், கை மரத்துப் போகுதுன்னா முதல்ல பிடியை தளர்த்திப் பாருங்க. டச் ஸ்கிரீன் நுனி இருந்தா இருக்கட்டும், அதுக்காக எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வாங்கினதுக்கு அப்புறம், கருப்புத் தோல் புதுசுல வியர்வைக்கு சாயம் விடும், விரல் எல்லாம் கருப்பா இருக்குன்னு பயந்துடாதீங்க. வியர்வை உப்பு ஏறிட்டே போனா தோல் விறைச்சு வெடிக்கும், அதனால அப்பப்போ கையில போட்டுக்கிட்டே வெதுவெதுப்பான தண்ணில மைல்ட் சோப்பு வச்சு கை கழுவுற மாதிரி கழுவிட்டு, முறுக்காம அமுக்கி எடுத்து நிழல்ல போடுங்க. பாதி காஞ்சதும் ஒரு தடவை போட்டு விரலை மடக்கி மடக்கி எடுத்தா ஷேப் அப்படியே நிக்கும். வெயில்ல டேங்க் மேல விரிச்சோ சூடா இருக்குற இன்ஜின் மேல வச்சோ காய வைக்கிறது வேண்டவே வேண்டாம், தோல் சுருங்கிடும். வெல்க்ரோவை ஒட்டி வச்சுட்டு கழுவுங்க, திறந்து விட்டா அந்தக் கொக்கி பக்கம் வலை நூலையெல்லாம் பிடுங்கி விட்டுடும். கழுவும்போதே உள்ளங்கைத் தையலை ஒரு தடவை விரலால தடவிப் பாத்துக்கலாம், நூல் எங்கயாவது எழும்பி இருந்தா செருப்பு தைக்கிறவர்கிட்ட குடுத்தா நைலான் நூல் போட்டு தச்சுக் குடுத்துடுவார், ஆனா ஒரு தடவை விழுந்து தேஞ்சதை தச்சு போடாதீங்க, அதை மாத்திடுங்க.