ஐந்து லட்சம் சீட்டும் ஒரு பென் டிரைவும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை ஆபிஸில் நான் கிராணி. உள்ளே வரும் ஒவ்வொரு லாரிக்கும் தராசில் ஒரு சீட்டு விழும். கணினியில் சீட்டுக்கு ஒரு கோப்பு. 7 கேபி இருந்தால் அதிகம். எட்டு வருஷத்தில் அது 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அத்தனையும் சேர்த்தாலும் 4 ஜிபி வராது.

ஆடிட்டுக்குப் பழைய சீட்டுகள் வேண்டும் என்றார்கள். ஆபிஸ் பையனை டவுனுக்கு அனுப்பி 64 ஜிபி பென் டிரைவ் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். சாயங்காலம் காப்பி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால், இடம் போதவில்லை என்று திரையில் நிற்கிறது.

எனக்கு உடனே பாசார் மாலாம், அந்த இரவுச் சந்தைதான் ஞாபகம் வந்தது. "ஏன்டா, மலிவா கிடைக்குதுன்னு போலியை வாங்கிட்டு வந்துட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவன் ரெசிட்டை நீட்டினான். நான் கையில்கூட வாங்கவில்லை.

மத்தியானம்தான் பிராப்பர்டீஸைத் திறந்தேன். அங்கே 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இரண்டு வரி. இத்தனை வருஷம் மேல்வரியை மட்டுமே பார்த்திருக்கிறேன். கணினியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. பென் டிரைவில் ஒன்று 3 ஜிபிச் சொச்சம், மற்றது 60-ஐத் தொட்டுக்கொண்டு.

லயத்து வீடு மாதிரிதான். பத்துப் பேர் குடும்பத்துக்கும் ஒரு வீடு, ஒண்டிக்கட்டைக்கும் ஒரு வீடு. டிஸ்க்கும் அப்படி வீடு வீடாக அடைத்துக் கட்டியது. ஒரு வீட்டில் இரண்டு கோப்பு குடியேற முடியாது. ஆபிஸ் கணினியின் டிஸ்க்கை ஃபார்மட் செய்த முறை என்டிஎஃப்எஸ். அதில் ஒரு வீடு 4 கேபி. என் சீட்டு இரண்டு வீட்டை எடுத்துக்கொள்ளும், வீணாவது 1 கேபி. பென் டிரைவை ஃபார்மட் செய்த முறை வேறு, எக்ஸ்ஃபேட். 32 ஜிபிக்கு மேற்பட்ட எக்ஸ்ஃபேட்டுக்கு விண்டோஸ் வழக்கமாகப் போடும் வீடு 128 கேபி. பெரிய பெரிய வீடியோவுக்கு அது சரி. 7 கேபி சீட்டு அதில் தனியாகக் கால்நீட்டிப் படுத்தால் மிச்சம் 121 கேபியும் வீண். 5 லட்சத்தை 128-ஆல் பெருக்கி, விண்டோஸ் எண்ணுகிற மாதிரி ஆயிரத்துக்குப் பதில் 1024-ஆல் வகுத்துப் பார்த்தேன்: 61 ஜிபி. 64 என்று அட்டையில் போட்டிருப்பதையும் விண்டோஸ் அதே கணக்கில் எண்ணினால் 60-கூட வராது. அப்புறம் எங்கே கொள்ளும்?

மாதத்துக்கு ஒரு ஜிப்பாகக் கட்டினேன். 96 கோப்பு. பென் டிரைவில் முக்கால்வாசிக்கு மேல் காலி.

வேலை முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு ரெசிட் கேட்டேன். சட்டைப்பையிலேயே வைத்திருந்தான், நாலாக மடித்து. பெட்டி கேஷ் ஃபைலில் குத்திவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டவன், "நாளைக்குப் பசியாற நீங்கதான் காசு கொடுக்கணும்க்கா," என்றான்.