அலுவலகத்துக்குக் கிடைத்த அந்தரங்கம்

2025 நவம்பரில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளை ஒன்றிய அரசு அறிவிக்கை செய்தபோது, பெரும்பாலும் பேசப்பட்டவை சமூக ஊடக நிறுவனங்கள், சிறுவர்களின் கணக்குகளுக்குத் தேவைப்படும் பெற்றோர் ஒப்புதல், 250 கோடி ரூபாய் வரை விதிக்கக்கூடிய அபராதம் ஆகியவைதான். நம்முடைய தரவுகளைச் சேகரித்து வைத்திருக்கும் நிறுவனங்கள் தங்கள் கடமைகளை நிறைவேற்றத் தொடங்குவதற்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. ஆனால், அதே சட்டத்தின் 44(3) என்ற சிறிய பிரிவுக்கு ஒரு நாள்கூட அவகாசம் தேவைப்படவில்லை. அது உடனடியாக நடைமுறைக்கு வந்தது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் பிரிவு அது. குடிமக்களின் தரவுகளைக் காப்பதற்காக வந்த சட்டம், குடிமக்கள் கேள்வி கேட்கும் வழியைத்தான் முதலில் குறுக்கியது என்ற வரிசையே எனக்கு இந்தச் சட்டத்தின் மனப்போக்கைச் சொல்லிவிடுகிறது.

திருத்தப்பட்டது, எந்தத் தனிநபர் தகவலை மறுக்கலாம் என்று சொல்லும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவு. பழைய வடிவத்தில், ஒரு தகவல் தனிநபரைப் பற்றியது என்பது மட்டுமே அதை மறுக்கப் போதுமான காரணமாக இருக்கவில்லை. அந்தத் தகவலுக்குப் பொது நடவடிக்கையோடும் பொதுநலனோடும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது, அல்லது அதை வெளியிடுவது தேவையின்றி ஒருவரின் அந்தரங்கத்தில் தலையிடுவதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும்கூட, பரந்த பொதுநலன் கோருகிறது என்று பொதுத் தகவல் அலுவலர் கருதினால் அதைக் கொடுக்கலாம். இந்த நிபந்தனைகள் அனைத்தும் இப்போது நீக்கப்பட்டுவிட்டன. தனிநபர் தொடர்பான தகவல் என்ற ஒற்றை விவரிப்பு மட்டுமே எஞ்சியிருக்கிறது.

நீக்கப்பட்டவற்றுள் நான் மிகவும் மதித்த ஒரு வரியும் அடங்கும். நாடாளுமன்றத்துக்கோ மாநிலச் சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தவொரு நபருக்கும் மறுக்கக் கூடாது என்று அந்த உட்பிரிவின் இறுதியில் இருந்தது. சட்டமன்ற உறுப்பினர் கேள்வி நேரத்தில் எழுந்து நின்று கேட்டால் அமைச்சர் எந்த விவரத்தைச் சொல்லியாக வேண்டுமோ, அதே விவரத்தைப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டு உத்திரமேரூரில் இருக்கும் ஒரு தையல்காரரும் பெறலாம் என்பதே அதன் பொருள். மக்களின் பிரதிநிதிக்கு இருக்கும் உரிமை மக்களிடமிருந்து வந்தது என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன வேறொரு சட்ட வரி நம்மிடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதை நீக்குவது குறித்து 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் விரிவான விவாதம் எதுவும் நடக்கவில்லை. மணிப்பூர் குறித்த எதிர்க்கட்சிகளின் முழக்கங்களுக்கு நடுவே மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது.

பெயர் இல்லாத தகவலை வைத்துக்கொண்டு ஊழலைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்விக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்த இடத்திலேயே விடை இருக்கிறது. ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் உள்ளூர்த் தொழிலாளர்களோடு சேர்ந்து 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, 1994 இறுதியில் கோட்கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அதில் செய்தது மிக எளிமையான காரியம். அரசுப் பணிகளுக்கான வருகைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர் மக்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார்கள். இன்னார் இத்தனை நாள் வேலை செய்ததாகவும் இவ்வளவு கூலி வாங்கியதாகவும் எழுதியிருக்கிறதே, உண்மையா என்று கேட்டார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயர்களும், ஊரைவிட்டுப் போய்விட்டவர்களின் பெயர்களும், இறந்துபோனவர்களின் பெயர்களும் இத்தகைய விசாரணைகளில் வெளிவந்தன. 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் நீடித்த தர்ணா, பிறகு தேசிய அளவிலான இயக்கம், கடைசியில் 2005-இன் சட்டம் என்று எல்லாமே அந்தப் பெயர் வாசிப்பிலிருந்து கிளம்பியவை. அந்தப் பட்டியலில் பெயர்களை மறைத்துவிட்டு மொத்த ஆட்கள், மொத்தக் கூலி என்று மட்டும் படித்திருந்தால், கூடியிருந்தவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நம்மூரில் நூறு நாள் வேலையின் என்.எம்.ஆர். என்ற வருகைப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். வேலை அட்டை எண், பெயர், நாள்வாரியான வருகைக் கட்டங்கள், ஓரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ என்று இருக்கும் அந்தத் தாளில், பணித்தளப் பொறுப்பாளர் யாரைச் சேர்த்தார், யாரை விட்டார் என்பதை வட்டார வளர்ச்சி அலுவலரைவிட அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண் விரைவாகச் சொல்லிவிடுவார். பணிகளையும் செலவையும் ஊர் மக்களே சரிபார்க்கும் சமூகத் தணிக்கை என்ற ஏற்பாட்டின் முழு வலிமையும் அந்தப் பெண்ணின் அறிவில்தான் இருக்கிறது. அவருக்குப் பெயரைக் காட்ட மறுத்தால் தணிக்கை என்பது அலுவலகமே தன்னைத் தணிக்கை செய்துகொள்ளும் சடங்காகிவிடும்.

சில வாரங்களுக்கு முன் ஓர் உள்ளாட்சி அமைப்பிடம், அது கட்டி ஏலம் விட்ட வணிக வளாகக் கடைகள் யார் யார் பெயரில் இருக்கின்றன, ஒவ்வொருவரும் செலுத்த வேண்டிய வாடகை நிலுவை எவ்வளவு என்று கேட்டிருந்தேன். வந்த பதிலில் கடைகளின் எண்ணிக்கையும் மொத்த நிலுவைத் தொகையும் இருந்தன. குத்தகைதாரர்களின் பெயர்கள் தனிநபர் தகவல் என்பதால் வழங்க இயலாது என்றும், அதற்குக் கீழே உட்பிரிவின் எண்ணும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. பொதுச் சொத்தைப் பொது ஏலத்தில் எடுத்தவரின் பெயர் எப்படி அந்தரங்கமாகும் என்று அலுவலர் யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. அவரை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். தவறுதலாகக் கொடுத்தால் வம்பு, மறுத்தால் பாதுகாப்பு என்று சட்டமே சொல்லும்போது எந்த ஊழியரும் மறுக்கத்தான் செய்வார்.

தனியுரிமையை வலியுறுத்தியவர்களே இப்போது அதை எதிர்க்கிறார்களா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தபோது, தாராளவாதச் சிந்தனை உள்ள எல்லோரையும் போல நானும் மகிழ்ந்தேன். அந்த வழக்கு ஆதாரை எதிர்த்து எழுந்தது. அங்கே ஒரு பக்கம் தனிமனிதர், மறுபக்கம் அவரது விரல் ரேகையைக் கேட்கும் அரசு. தனியுரிமை அடிப்படை உரிமையே அல்ல என்று அப்போது வாதிட்டதும் இதே ஒன்றிய அரசுதான். இன்று அந்தத் தீர்ப்பையே மேற்கோள் காட்டி, அரசு அலுவலகத்தின் கோப்புகளுக்கு அந்தரங்கம் கேட்கிறார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு மானியம், சலுகை, சான்றிதழ் ஆகியவற்றை வழங்குவதற்காக நம் ஒப்புதல் இல்லாமலே நம் தரவுகளைப் பயன்படுத்த அரசுக்கு வழிவிடுகிறது. 17-ஆவது பிரிவு, அறிவிக்கை செய்யப்படும் அரசு அமைப்புகளுக்கு நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லிச் சட்டத்திலிருந்தே விலக்குத் தருகிறது. அரசின் முன் குடிமகனுக்கு மெல்லிய திரையும், குடிமகனின் முன் அரசுக்குக் கெட்டியான சுவரும் என்பதுதான் மொத்தக் கணக்கு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 200-க்கும் மேற்பட்ட மத்திய, மாநில அரசு இணையதளங்கள் ஆதார் பயனாளிகளின் விவரங்களைப் பொதுவெளியில் காட்டிக்கொண்டிருந்ததை 2017-இல் ஆதார் ஆணையம் எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்டது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கப்பட்ட ஒரு மனுவுக்கு அளித்த பதிலில்தான்.

தகவல் மனுக்களைத் தவறாகப் பயன்படுத்துபவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. பெண் ஊழியர்களின் மருத்துவ விடுப்பு விவரம், வீட்டு முகவரி, குடும்பத் தகராறு ஆகியவற்றைத் தோண்டுவதற்காகவே மனுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்கப் பழைய உட்பிரிவே போதுமானதாக இருந்தது. ஓர் ஆவணத்தில் மறைக்க வேண்டிய பகுதியை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10-ஆவது பிரிவு இருக்கிறது. வங்கிக் கணக்கு எண்ணையும் கைபேசி எண்ணையும் கறுப்பு மையால் அடித்துவிட்டுப் பெயரையும் தொகையையும் தரலாம். 2012-இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் ஊழியரின் பணிப் பதிவுகளும் சொத்து விவரங்களும் தனிநபர் தகவலே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. என் பார்வையில் அதுவே ஊழியர்களின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்த தீர்ப்பு. அந்தத் தீர்ப்புகூடப் பரந்த பொதுநலன் என்ற வாசலை மூடவில்லை.

அந்த வாசல் இப்போதும் அதே சட்டத்தின் 8(2) பிரிவின் வடிவில் திறந்தே இருக்கிறது என்பதுதான் ஒன்றிய அரசு தரும் விளக்கத்தின் சாரம். வெளியிடுவதால் வரும் பொதுநலன், காக்கப்படும் நலனுக்கு நேரும் தீங்கைவிட மிகுதி என்றால் பொது அதிகார அமைப்பு தகவலைத் தரலாம் என்று அந்தப் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் முன்பு இந்தத் தகவல் ஏன் பொது நடவடிக்கையோடு தொடர்பற்றது என்று அலுவலர் காட்ட வேண்டியிருந்தது. இப்போது தனிநபரைப் பற்றியது என்று காட்டினாலே அவர் வேலை முடிந்துவிடுகிறது. ஏன் வேண்டும் என்று எடைபோட்டுக் காட்டும் பாரம் கேட்பவரின் தலையில் விழுகிறது. தகவல் கோருபவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்ற 6(2) பிரிவின் உறுதிமொழி இதனால் நடைமுறையில் பொருளிழக்கிறது.

வேறு வழி இருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தகவல் அறியும் உரிமையைத் தனியுரிமைச் சட்டம் சுருக்கக் கூடாது என்று, தனியுரிமை குறித்து ஆராய்ந்த நீதிபதி ஏ.பி. ஷா குழு 2012-லேயே கூறியிருந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வரைவு தயாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் இதே உட்பிரிவுக்குத் திருத்தம் முன்மொழிந்தபோதும், தீங்கு பொதுநலனைவிட மிகுந்தால் மட்டுமே மறுக்கலாம் என்ற தராசை விட்டுவைத்தது. அந்தக் குழுவின் வரைவில் இதழியல் பணிக்கும் விலக்கு இருந்தது. 2023-இன் சட்டத்தில் அதுவும் இல்லை.

நாடாளுமன்றம் 44(3) பிரிவை நீக்கிப் பழைய உட்பிரிவை அப்படியே மீட்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அதுவரை மாநில அரசுகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. 1997-லேயே தகவல் அறியும் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. விதிவிலக்குகள் மலிந்த, பல்லில்லாத சட்டம் என்றாலும் முந்திக்கொண்டது நாம்தான். திருத்தம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவைத் தொடவில்லை. அலுவலர்களின் பட்டியல், அவர்களது மாத ஊதியம், மானியத் திட்டங்களின் பயனாளிகள், சலுகையும் அனுமதியும் பெற்றவர்கள் ஆகிய விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 4(1)(பி) இன்னமும் கட்டளையிடுகிறது. மாநில அரசு ஓர் அரசாணை வழியாக ஒவ்வொரு துறையையும் இதைச் செய்ய வைத்தால், பிறகு எட்டாவது பிரிவைக் காட்டி மறுப்பதற்கு அலுவலரின் கையில் எதுவும் மிஞ்சாது.

மனு எழுதுபவர்கள் கேள்விகளுக்கு மேலேயே 4(1)(பி) பிரிவின் உரிய உட்பிரிவைக் குறிப்பிட்டு, 8(2) பிரிவின்கீழ் பொதுநலன் என்ன என்பதையும் இரண்டு வரிகளில் சேர்த்துவிடுவது நல்லது. சேர்க்க வேண்டிய கட்டாயம் சட்டப்படி இல்லாவிட்டாலும், பின்னால் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு அது பயன்படும். வணிக வளாகக் கடைகளுக்கான முதல் மேல்முறையீட்டை நான் அப்படித்தான் எழுதி, விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.