தாழ்ப்பாள் சத்தம்

ஜாமீனில் வீடு வந்த புதிதில், தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டாலே என் தம்பி படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவான். யாராவது உரக்கக் கூப்பிட்டால் சுவரோரம் போய் நிற்பான். அம்மாவின் பாடு வேறு. இரவில் எங்கள் கோத்தகிரி மேட்டில் எந்த ஜீப் ஏறினாலும் விளக்கைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். அவனைக் கூட்டிப்போனது ஒரு ஜீப்பில்தான்.

ஏழு மாதம் கோவை மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தான். மனு போட்டு அவனைச் சிறையில் பார்க்கப் போகும் நாட்களில் இருட்டோடு கிளம்பி மேட்டுப்பாளையம் இறங்குவோம். அப்போது எங்கள் நினைப்பெல்லாம் வக்கீல், வாய்தா, ஜாமீன்தாரர் என்றே இருந்தது. ஆள் வெளியே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினோம்.

முதலில் ஒரு தனியார் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். "என்ன வழக்கு?" என்பதுதான் அங்கே கேட்ட முதல் கேள்வி. அதுவும் வெளியே காத்திருந்தவர்கள் காதில் விழும்படி. தம்பி மருந்துச் சீட்டை வாங்காமலே எழுந்து வந்துவிட்டான். அதன்பின் இரண்டு மாதம் எந்த மருத்துவமனைக்கும் வர மறுத்தான். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

வழி பிறந்தது நீதிமன்ற வளாகத்தில். சிறையில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு சட்டம் சொல்கிறது. எங்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமாகத்தான் வழக்கறிஞர் கிடைத்தார். அங்கிருந்த தன்னார்வலர் ஒருவர், வாய்தாவுக்கு வந்து பெஞ்சில் சாய்ந்திருந்த அம்மாவைப் பார்த்து, "தூங்கி எத்தனை நாளாகிறதம்மா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. 14416 என்ற எண்ணை எழுதிக் கொடுத்தார். டெலி மானஸ் என்று பெயர், அரசின் மனநல உதவி எண். 2022 முதல் இருக்கிறது, எந்நேரமும் பேசலாம், காசில்லை.

தேயிலை எடுக்கும் இடத்தில் சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று பேசினேன். எதிர்முனையில் தமிழிலேயே பேசினார்கள், வழக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. தம்பிக்காகத்தான் அழைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்றார் அந்தப் பெண். பதில் சொல்லி முடித்தபோது, பையின் நாடாவை இறுகச் சுற்றியிருந்ததில் என் விரல் கன்றிப்போயிருந்தது.

அவர்கள் சொன்னபடி ஊட்டி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். மூன்று பேருக்கும் தனித்தனியாக ஓ.பி. சீட்டு போடச் சொன்னேன். இந்த நிலையில் இருக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் நான் சொல்வது இதைத்தான்: சிறை போய் வந்தவருக்கு மட்டும் சீட்டு போடாதீர்கள். வழக்கை விவரிக்கவும் வேண்டாம்; தூக்கம், பசி, படபடப்பு எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும். பேசுவது வெளியே போய்விடுமோ என்று தம்பி பயந்தான். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டும், விதிவிலக்குகள் சிலவே என்று மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் வாய் திறந்தான்.

ஆபத்து போன பிறகும் உடம்பு காவல் காத்துக்கொண்டே இருக்கும், அது பைத்தியமில்லை என்றார் மருத்துவர். கொஞ்ச நாளைக்கு மாத்திரை கொடுத்தார், ஆலோசகரிடம் தொடர்ந்து வரச் சொன்னார். நிபந்தனை ஜாமீன் என்பதால் தம்பி தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காலை வேளைதான் அவனுக்கு மிகக் கொடியது என்பது ஆலோசகர் துருவிக் கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அன்று முதல் நான் கூடவே போய், முடிந்ததும் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம்.

வீட்டுக் கதவை அவன் கையாலேயே சாத்தச் சொன்னார்கள். ஆறு மாதமாகத் தாழ்ப்பாள் போடுவது அவன்தான். ஜீப் சத்தத்துக்கு அம்மா இன்னும் விழித்துக்கொள்கிறார். ஆனால் இப்போது விளக்கைப் போடுவதில்லை.