பாடநூலின் உள்ளட்டை

மில்ட்ரெட் டி. டெய்லர் 1976இல் எழுதிய ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’ நாவலின் முதல் அத்தியாயத்தில், ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் முதன்முதலாகத் தன் கைக்கு வந்த பாடநூலைத் தரையில் வீசி எறிந்து காலால் மிதிக்கிறான். இடம் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், ஆண்டு 1933. புத்தகம் அழுக்காக இருந்ததால் வந்த கோபம் மட்டும் அல்ல அது. உள்ளட்டையில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கிறது. எந்த ஆண்டில் வழங்கப்பட்டது, அப்போது புத்தகம் எந்த நிலையில் இருந்தது, வாங்கிய மாணவர் எந்த இனம் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். புதிதாக இருந்தபோது வெள்ளைப் பிள்ளைக்குப் போன நூல், பதினோரு முறை வெள்ளைப் பிள்ளைகளிடையே கைமாறித் தேய்ந்து, ‘மிகவும் மோசம்’ என்றான பிறகு, பன்னிரண்டாவது வரியில் கறுப்பினப் பிள்ளைகளான இவர்களிடம் வந்து சேர்கிறது. இனம் என்ற கட்டத்தில் கறுப்பர்களை இழிவாகக் குறிக்கும் சொல் இருக்கிறது. அக்காள் கேஸி அதை ஆசிரியையிடம் காட்டும்போது, நீங்கள் அதுதானே என்கிறார் அவர். ஆசிரியையும் கறுப்பர்தான். அடியும் விழுகிறது. அதே பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் கேஸியின் அம்மா பின்னர் காகிதத்தை அளவாக வெட்டிப் பசை தடவி, அந்த அட்டவணையின் மேல் ஒட்டிவிடுகிறார்.

அக்காள் மகள் பத்தாம் வகுப்பு விடுமுறைக்குப் படிக்கப் புத்தகம் கேட்டபோது இந்தக் காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. அவளுக்காகத் தேடத் தொடங்கி, கறுப்பினச் சிறுவர் சிறுமியரை நாயகர்களாகக் கொண்ட இளையோர் நாவல்களை ஆறு மாதமாக நானே படித்துக்கொண்டிருக்கிறேன்.

‘டயஸ்போரா’ என்ற சொல்லைப் புலம்பெயர்ந்தோர் என்று எழுதிப் பழகியிருக்கிறோம். போருக்குத் தப்பியோ வேலை தேடியோ போனவர்களுக்கு அது பொருந்துகிறது. சங்கிலியில் பிணைத்துக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் வழிவந்தோருக்குப் பாதிதான் பொருந்துகிறது. ஆனால் அவர்களுக்குள்ளும் இரண்டாம் பெயர்வு ஒன்று நடந்திருக்கிறது: டிரினிடாடிலிருந்து நியூயார்க்கின் ஹார்லெமுக்கு, ஹெய்ட்டியிலிருந்து டெட்ராய்ட்டுக்கு, பார்படோசிலிருந்து லண்டனுக்கு. என்னைப் பிடித்து நிறுத்திய நாவல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் பயணத்தைச் சொல்பவை. தோல் ஒன்றாக இருந்தும், துறைமுகத்துக்குத் துறைமுகம் ‘கறுப்பர்’ என்ற சொல்லின் பொருள் மாறிக்கொண்டே போவதை இவற்றில் காணலாம்.

ரோசா கை டிரினிடாடில் பிறந்து சிறு வயதிலேயே ஹார்லெமுக்கு வந்தவர். அவருடைய ‘தி ஃப்ரெண்ட்ஸ்’ 1973இல் வெளியானது. நாயகி ஃபிலிசியாவின் குடும்பம் மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்தது. பள்ளியில் அவளை அடிப்பவர்கள் வெள்ளையர்கள் அல்லர். அவளுடைய தீவுப் பேச்சையும் அவள் வகுப்பில் முந்திக்கொண்டு பதில் சொல்வதையும் பொறுக்காத கறுப்பின வகுப்புத் தோழர்கள். அவளுக்குத் துணையாக வருபவள் கிழிந்த காலுறை போட்ட ஏழைச் சிறுமி எடித். ஃபிலிசியாவோ அந்த எடித்தைப் பார்த்தே கூச்சப்படுகிறாள். அவளுடைய அப்பாவுக்கு எடித்தின் மேல் இளக்காரமே இருக்கிறது. வந்தேறிக் குடும்பங்களில், உள்ளூர் ஏழைகளோடு நம்மைச் சேர்த்து எண்ணிவிடுவார்களோ என்று ஊறிக்கிடக்கும் பயத்தை இவ்வளவு தயவு தாட்சண்யம் இல்லாமல் எழுதிய இளையோர் நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை. தீவுப் பேச்சில் வரும் உரையாடல் தொடக்கத்தில் கொஞ்சம் இடறும். கரிசல் பேச்சையும் நாஞ்சில் பேச்சையும் அச்சில் படித்துப் பழகிய நமக்கு நாலு பக்கத்தில் பிடிபட்டுவிடுகிறது.

இபி ஸோபோயின் ‘அமெரிக்கன் ஸ்ட்ரீட்’ 2017இல் வந்தது. அவர் ஹெய்ட்டியின் போர்ட்டோ பிரின்ஸ் நகரில் பிறந்தவர். நாயகி ஃபாபியோலா அமெரிக்காவில் பிறந்து கைக்குழந்தையாகவே ஹெய்ட்டிக்குக் கொண்டுபோகப்பட்ட பெண். பதின்வயதில் அம்மாவோடு நியூயார்க்கில் வந்து இறங்கும்போது, குடியுரிமை உள்ள மகளை அனுமதித்துவிட்டு அம்மாவைத் தடுப்புக்காவலில் வைத்துவிடுகிறார்கள். அவள் மட்டும் தனியாக டெட்ராய்ட்டுக்குப் போய்ச் சேர்கிறாள். அம்மாவின் சகோதரி வீடு இருப்பது அமெரிக்கன் ஸ்ட்ரீட்டும் ஜாய் ரோடும் சந்திக்கும் மூலையில். ஆசிரியர் கற்பனை செய்து வைத்த பெயர்கள் என்றே நினைத்திருந்தேன், ஆனால் டெட்ராய்ட்டில் உண்மையிலேயே அப்படி ஒரு சந்திப்பு இருக்கிறது. மூலையில் வந்து உட்கார்ந்து பாடும் ஒரு கிழவரை ஊரார் குடிகாரர் என்கிறார்கள். ஃபாபியோலாவின் கண்ணுக்கோ அவர் நாற்சந்திகளையும் வாசல்களையும் காக்கும் பாப்பா லெக்பா, ஹெய்ட்டியின் வோடு மரபில் கும்பிடப்படும் தெய்வம். அம்மாவுக்காக வாசலைத் திறந்துவிடச் சொல்லி அவள் அவரிடம்தான் வேண்டுகிறாள். எல்லைச்சாமி தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் அடிக்குறிப்பு எதுவும் தேவைப்படாது. நாவலின் பின்பாதியில் போதைமருந்துக் கதை வேகம் பிடிக்கும்போது அந்தக் கிழவர் கொஞ்சம் ஓரமாகிப் போவது எனக்குக் குறையாகவே பட்டது.

லண்டன்காரரான மாலரி பிளாக்மேனின் பெற்றோர் பார்படோசிலிருந்து வந்தவர்கள். 2001இல் வெளியான ‘நாட்ஸ் அண்ட் க்ராஸஸ்’ நாவலில் அவர் உலகத்தையே திருப்பிப் போடுகிறார்; அங்கே ஆள்பவர்கள் கறுப்பர்கள், அடங்கி வாழ்பவர்கள் வெள்ளையர்கள். திருப்பிப் போடும் உத்தி சில இடங்களில் கணக்குப் போட்டதுபோல் இருந்தாலும், வெளுத்த நெற்றியில் அடர்பழுப்பு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளைச் சிறுமி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் காட்சிக்காக எதையும் மன்னிக்கலாம். கடையில் அந்த நிறத்தில்தான் கிடைக்கிறது என்கிறாள் அவள். அமைச்சர் மகளான கறுப்பின நாயகி செஃபி அதுவரை அதை யோசித்தே பார்த்ததில்லை.

நான் வழக்கமாகப் போகும் கடையில் இவற்றில் எதுவும் இல்லை. இருந்தது ஆஞ்சி தாமஸின் ‘தி ஹேட் யூ கிவ்’ ஒன்றுதான். 2017இல் வெளியாகி மறு ஆண்டே படமானது. தோழன் காவலரால் சுடப்படுவதைக் கண்முன் பார்த்த பதினாறு வயதுப் பெண்ணின் கதை. நல்ல நாவல், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் கறுப்பினப் பிள்ளை என்றால் துப்பாக்கிக் குண்டு என்று மட்டுமே வாசகர் மனத்தில் பதிந்துவிடுவது இன்னொரு வகை உள்ளட்டை அட்டவணையாகவே எனக்குத் தோன்றுகிறது. ஹார்லெமில் வளர்ந்து பதின்பருவத்தினருக்காகவே ஏராளமாக எழுதிய வால்டர் டீன் மையர்ஸ், தான் இறந்த 2014ஆம் ஆண்டில் நாளிதழ்க் கட்டுரை ஒன்றில் ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டினார்: அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்காவில் வெளியான 3,200 சிறார் நூல்களில் கறுப்பர்களைப் பற்றியவை 93. அதிலும் ஒரே மாதிரிக் கதைதான் கடல் தாண்டிவரும் என்றால் மிச்சம் எவ்வளவு இருக்கும்?

கடைசியில் அக்காள் மகளுக்கு வாங்கிக் கொடுத்தது நெடி ஓகோராஃபரின் ‘அகாட்டா விட்ச்’, 2011இல் வெளியானது. நியூயார்க்கில் பிறந்து, பெற்றோரோடு நைஜீரியாவின் ஆபா நகருக்குத் திரும்பிவந்த பன்னிரண்டு வயது சன்னியின் கதை. இங்கே பயணம் எதிர்த்திசையில் போகிறது. ‘அகாட்டா’ என்பது அமெரிக்கக் கறுப்பர்களை நைஜீரியர்கள் ஏளனமாகக் குறிக்கும் சொல். சன்னியின் வகுப்புத் தோழி அதைச் சொல்லித்தான் அவளைத் திட்டுகிறாள். போதாததற்குச் சன்னி பிறவியிலேயே நிறமி இல்லாதவள், வெயிலில் நின்றால் தோல் புண்ணாகிவிடும். அதனால் உயிருக்கு உயிரான கால்பந்தைப் பகலில் ஆட முடியாது. ஹார்லெம் கறுப்பு, டெட்ராய்ட் கறுப்பு, ஆபாவின் கறுப்பு என்று நான் தயாரித்து வைத்திருந்த விளக்கத்தை எல்லாம் அக்காள் மகள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மூன்று நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். மந்திரம் கற்ற பிறகு சன்னியால் வெயிலில் நிற்க முடிகிறதாம், பையன்கள் மட்டுமே ஆடும் திருவிழாப் போட்டியில் அவள் ஒருத்தியாக இறங்கிவிட்டாளாம். கோல் போடுவாளா என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள் மாமா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.