கரடி மலைக்கு வண்டியில்

ஆகஸ்ட் 3, பைன் ரிட்ஜ்

டென்வரிலிருந்து வந்து சேர இருட்டிவிட்டது, முதுகு விண்விண்ணென்று தெறிக்கிறது. நாளை தெற்கு டகோட்டாவில் லகோட்டா பூர்வகுடி மக்களுக்கென ஒதுக்கிய இந்த ரிசர்வேஷனிலிருந்து பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள் கரடி மலைக்குக் கிளம்புகின்றன. காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களுக்காக. கூட வேலை பார்க்கும் தோழியின் அத்தைதான் என்னையும் சேர்த்துக்கொண்டார். ஒரே நிபந்தனை, மலையில் படம் எடுக்கக் கூடாது. சரி என்றேன்.

ஆகஸ்ட் 4, காலை

கிளம்பும் முன் காய்ந்த சேஜ் என்ற வாசனை மூலிகை இலையைக் கொளுத்தி ஒவ்வொரு வண்டிக்கும் புகை காட்டினார் அத்தை. ஹேண்டில்பார், டேங்க், கடைசியில் என் ஹெல்மெட்டுக்குள்ளும். ஆயுத பூஜைக்கு அப்பாவின் ஸ்கூட்டருக்குச் சந்தனம் வைத்து வளர்ந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லகோட்டாவில் குதிரைக்கு 'சுங்காவாக்கான்' என்று பெயர், புனித நாய் என்று பொருள். அத்தை தன் ஹார்லியையும் அப்படித்தான் கூப்பிடுகிறார், பாதி விளையாட்டாக. ராணுவத்திலிருந்து திரும்பியபின் ரொம்ப நாள் வீட்டை விட்டே வெளியே வராமல் இருந்தாராம். தலைக்குள் கேட்கிற சத்தத்தைவிட இன்ஜின் சத்தம் பெரிது, வண்டி ஓட்டிய அன்றைக்குத்தான் தூக்கம் வருகிறது என்றார்.

ஆகஸ்ட் 4, இரவு

ஸ்டர்ஜிஸ் ஊரைத் தாண்டவே நேரமாகிவிட்டது. 1938இல் தொடங்கிய மோட்டார் சைக்கிள் ராலி, இப்போது லட்சக்கணக்கில் வண்டிகள், பார், பாட்டு. அங்கிருந்து பத்தே கிலோமீட்டரில் கரடி மலை, லகோட்டா, ஷையன் பூர்வகுடிகள் நோன்பிருந்து வேண்டிக்கொள்கிற இடம். பக்கத்தில் பெரிய பைக்கர் பார் வருவதை எதிர்த்து 2006இல் இங்கே போராட்டமே நடந்தது. இந்தப் பக்கத்து பிளாக் ஹில்ஸ் மலைகள் முழுக்க உங்களுடையது என்று அமெரிக்க அரசு 1868இல் இவர்களோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு, தங்கம் கிடைத்ததும் 1877இல் பிடுங்கிக்கொண்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் பத்துக் கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு உறுதி செய்தும் இவர்கள் இன்றுவரை தொடவில்லை. மலையைத்தான் கேட்கிறார்கள், காசை அல்ல.

நெடுஞ்சாலை 79இலிருந்து திரும்பியதும் எல்லோரும் வேகத்தைக் குறைத்தார்கள், உறுமல் முனகலானது. பாதையோர மரங்களில் வேண்டுதலுக்குக் கட்டிய துணிகள், சிறுசிறு புகையிலை முடிச்சுகள், சில வெயிலில் வெளுத்து நூலாகத் தொங்கின. அத்தை ஒரு சிவப்புத் துணியைக் கட்டி ஒரு பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 5

கை முழுக்க வெயில் கருக்கிவிட்டது. நேற்றுத் திரும்பும்போது வாசலைத் தாண்டும் வரை அத்தை உருட்டிக்கொண்டேதான் வந்தார். தார்ச்சாலை ஏறியதும் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார் பாருங்கள், என் என்ஃபீல்டால் அந்தப் பக்கமே போக முடியவில்லை.