தாத்தாவின் பால்வாளி

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் ஒட்டுக்கடையில் கோப்பி வந்ததும் தாத்தா 1948 ஜூன் 16-க்குப் போய்விடுவார். எல்பில் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்ற நாள். அவர்களுக்கு எதிராக மலாயாவில் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலத்துக்குப் பிள்ளையார்சுழி.

"மூணு பேரு, சைக்கிள்ல வந்தானுங்க. நான் பால்வாளிய அப்படியே போட்டுட்டு ஓடுனேன்."

போன தீபாவளிக்குச் சொன்னபோது வாளி கையிலேயே இருந்தது, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தேன் (அந்த அட்டைமுறையே அவசரகாலத்தில் வந்ததுதான்). அன்றைக்கு அவருக்கு ஐந்து வயது!

கேட்டேன். கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றியபடி, "எங்கப்பா ஓடுனாருய்யா. தோள்மேல நான் இருந்தேன்ல?" என்றார்.

சரி, சிறுகதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தேதி, தோட்டம், சைக்கிள் எல்லாம் சரிபார்த்தாயிற்று. பாலை மட்டும் சிந்தவிட்டிருக்கிறேன்.