கூரை இல்லாத காரும் குறுக்குக் கம்பிகளும்

எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புவதற்குச் சற்று முன்னால் ஒரு புகையிரதக் கடவை இருக்கிறது. தண்டவாளம் வீதியைச் சரிவாக வெட்டிச் செல்வதால், காரின் முன் இடச் சக்கரம் ஏறி இறங்கிய பின்னர்தான் வலச் சக்கரம் ஏறும். என்னுடைய 1991ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் கதவுப் பூட்டில் ‘டக்’ என்றொரு ஓசை எழும்; முன்கண்ணாடிச் சட்டம் ஒரு கணம் நடுங்கும்; அந்த நடுக்கம் ஸ்ரியரிங் வழியாகக் கைக்கும் வந்து சேரும். அந்த நடுக்கத்தைக் குறைப்பதற்காக இரண்டு ஆண்டுகளாகச் செய்த வேலையில் நான் கற்றதை, இதே முயற்சியில் இறங்குவோருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

மஸ்டா எம்எக்ஸ்-5 யப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் அறிமுகமான இக்கார், கூரையுள்ள ஒரு காரை வெட்டித் திறந்ததன்று. தொடக்கத்திலிருந்தே திறந்த காராக வடிவமைக்கப்பட்டது. ஆயினும் இயற்பியல் எவருக்கும் விலக்களிப்பதில்லை. மூடியுடன் ஒட்டிய சப்பாத்துப் பெட்டியை இரு முனைகளிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் கையோடு வளையும். கூரையில்லாத காரில் முறுக்கத்தைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் கதவுகளின் கீழே ஓடும் இரு பெட்டிச் சட்டங்களுக்கும் நடுவிலுள்ள கியர்பெட்டிச் சுரங்கத்துக்கும் வந்துவிடுகிறது. அந்தப் பெட்டிச் சட்டத்தைச் ‘சில்’ என்பார்கள்.

உடல் முறுகுவது ஏன் தீங்கு என்று கேட்கலாம். சஸ்பென்ஷன் ஒரு சுருளென்றால், அதனோடு தொடராக இணைந்த இன்னொரு சுருள்தான் காரின் உடல். முதலாவதை அடக்க ஷொக் அப்சோர்பர் இருக்கிறது. இரண்டாவதை அடக்க அப்படி எதுவும் இல்லை. அது தன் விருப்பத்துக்கு அதிர்ந்து அடங்கும். மேலும், முன்புறத்தில் தடித்த அன்ரி-ரோல் பாரை (திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்க இடவலச் சக்கரங்களை இணைக்கும் கம்பியை) பூட்டி முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான சமநிலையை மாற்ற முயன்றால், அந்த மாற்றத்தைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது உடல்தான். உடல் இளகினால் செய்த மாற்றத்தின் ஒரு பகுதி வழியிலேயே கரைந்துபோகும்.

நான் முதலில் வாங்கியது, பெரும்பாலானோர் வாங்குவதைப் போலவே, இயந்திரத்துக்கு மேலாக இரு ஷொக் கோபுரங்களையும், அதாவது ஷொக் அப்சோர்பர்களின் மேல்முனை பூட்டப்படும் இடங்களை, இணைக்கும் கம்பி. பூட்டிய பின் கடவையில் எந்த வேறுபாட்டையும் உணரவில்லை. அதற்குத் தெளிவான காரணம் உண்டு. டொயோட்டா ஏஈ86 போன்ற, முன்புறத்தில் மக்பேர்சன் ஸ்ட்ரட் (சக்கரத்தை மேலே ஷொக் அப்சோர்பரே பிடித்திருக்கும் அமைப்பு) உள்ள கார்களில் திருப்பத்தின் பக்கவிசையில் ஒரு பகுதி நேராகக் கோபுரத்தின் உச்சிக்கே வருகிறது. அங்கே இந்தக் கம்பிக்கு உண்மையான வேலை இருக்கிறது. ரோட்ஸ்டரில் நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழுமாக இரு கைகள் பிடித்திருக்கும் அமைப்பு. பக்கவிசையை வாங்குவது அந்தக் கைகள் பூட்டப்பட்டிருக்கும், கீழே உள்ள துணைச்சட்டம். கோபுரத்துக்கு வருவது பெரும்பாலும் செங்குத்து விசைதான். முனைகளில் மூட்டு வைத்த கம்பியாக இருந்தால் அது இழுவிசையையும் அமுக்குவிசையையும் மட்டுமே தாங்கும், வளைவைத் தடுக்காது. இயந்திரத்துக்கு இடம்விட்டு வளைத்துச் செய்யப்பட்ட கம்பி அமுக்கத்தின்கீழ் அந்த வளைவிலேயே மேலும் வளையும்.

வழக்கமாக நான் செல்லும் கராஜில், அண்ணை ஒருவர் காரின் கீழே படுத்தபடி என்னிடம் கேட்டார்: “தம்பி, உந்தக் கம்பி நல்ல கம்பிதான். ஆனால் கீழை தகடு இருக்கோ எண்டு பாத்தனியோ?”

கேட்டுவிட்டு ஒரு தீக்குச்சியைக் கதவின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் இடையே, மேற்பகுதியில், இறுக்கமாகச் செருகினார். பிறகு அதே பக்கத்து முன் மூலையை ஜக்கால் மெதுவாக உயர்த்தினார். சக்கரம் தரையை விட்டு எழுமுன்னரே குச்சி நழுவி நிலத்தில் விழுந்தது. அதன் பின் சில்லை ஸ்குறூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே பின்னோக்கிச் சென்றார். ஒலி கணீரென்று வந்துகொண்டிருந்தது, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் மந்தமாக மாறியது. அங்கே கூர்முனையை வைத்து அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது. முன்னர் எவரோ துருவின்மேல் புட்டி நிரப்பி வர்ணம் பூசியிருந்தார்கள்.

இந்த மாதிரியில் இது பழகிய நோய். மடிக்கும் கூரையிலிருந்து வழியும் மழைநீர், இருக்கைகளின் பின்னால் இரு பக்கமும் உள்ள வடிகுழாய்கள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். அவை குப்பையால் அடைபட்டால் நீர் உள்ளே தேங்கிச் சில்லை அரிக்கும். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தைத் தாண்டித் தீவுப் பக்கம் போய்வரும் காருக்கு வெளியிலிருந்து உப்புக்காற்றும் சேர்கிறது.

ஆகவே கம்பிகளை ஒதுக்கிவைத்துவிட்டு வெட்டி ஒட்டும் வேலை தொடங்கியது. உட்தகடு, வெளித்தகடு இரண்டும் அரித்திருந்த இடம் வரை வெட்டப்பட்டன. வெட்டுவதற்கு முன் கதவுவெளியின் குறுக்கே ஒரு தற்காலிகக் குழாயை அண்ணை ஒட்டினார். அது இல்லாமல் சில்லைத் திறந்தால் உடல் தொய்ந்து, தொய்ந்த நிலையிலேயே ஒட்டப்பட்டுவிடும். வேலை முடிந்து தீக்குச்சியை மறுபடியும் செருகி உயர்த்தியபோது அது விழவில்லை. ஒரு கம்பியும் சேர்க்காமலே கடவையின் ‘டக்’ ஓசையும் நின்றுபோனது.

அதன் பின்னர்தான் கம்பிகளின் மதிப்பு எனக்குத் தெரிந்தது. 1993இல் 1.8 லீற்றர் இயந்திரம் வந்தபோது மஸ்டா தானே இருக்கைகளின் பின்னால், இருக்கைப் பட்டிகள் பூட்டப்படும் பட்டிக் கோபுரங்கள் இரண்டையும் இணைத்து ஒரு குறுக்குச்சட்டத்தைச் சேர்த்தது. துணைச்சட்டங்களுக்கும் தாங்குகள் கொடுத்தது. எங்கே பலம் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. (கியர்பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் அலுமினியச் சட்டம் உடலை இறுக்குவதற்கானது என்று பலர் எண்ணுகிறார்கள், அது இயந்திரத்திலிருந்து பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு செல்லும் இயக்கத்தொடரின் அசைவைக் கட்டுப்படுத்துவதற்கானது.) நான் அடித்தளத்தின் இரு நீளச் சட்டங்களைத் தேர்ந்தேன். மெல்லிய தகட்டாலான அவை பிழையான இடத்தில் ஜக் வைத்ததால் நசுங்கியிருந்தன. அவற்றின்மேல் உறைபோல் பொருந்தும் ‘ப’ வடிவ இரும்புச் சட்டங்களைச் செய்வித்து, போல்ட் ஊடுருவும் இடங்களில் உள்ளே குழாய்த் துண்டுகள் வைத்தோம். இல்லாவிட்டால் நட்டை இறுக்கும்போது தகடு அமுங்கி, பிடிப்பு சில மாதங்களில் தளர்ந்துவிடும். அலுமினியத்தை நான் தவிர்த்தேன். அதன் விறைப்பு இரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பது ஒரு காரணம். உப்பீரம் உள்ள இடத்தில் இரும்போடு தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு விரைவாகும் என்பது மற்றக் காரணம்.

இறுதியாக இறுக்கும்போது கார் சமதரையில் தன் நான்கு சக்கரங்களிலும் நிற்க வேண்டும். துளைகள் கையால் பொருந்தாவிட்டால் நெம்புகோலால் இழுத்துப் பொருத்தாமல், துளையை நீட்டித் திருத்துவதே சரி. இழுத்துப் பூட்டினால் உடலின் கோணலையே நிரந்தரமாக்கிவிடுவோம்.

இப்போது கடவையில் முன்கண்ணாடிச் சட்டம் இன்னும் சிறிது அசைகிறது. அது திறந்த காரின் இயல்பு. ஸ்ரியரிங் அமைதியாக இருக்கிறது. பட்டிக் கோபுரச் சட்டத்தை அடுத்த ஆண்டு பூட்டுவேன். அதற்கு முன், ஐப்பசி மழை தொடங்குவதற்குள், இரு வடிகுழாய்களிலும் வளையும் நைலோன் குழாயை விட்டுக் குத்தி, மேலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அது கீழே தரையில் தெளிவாக வடிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.